கட்டியும் கலைத்தும்: செல் சட்டகம் வேலை செய்யும் விதம்

1950களில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரோஜர்ஸ், நுண்ணோக்கியின் கீழே வைத்த ஒரு துளி ரத்தத்தை 16 மில்லிமீட்டர் படச்சுருளில் பதிவு செய்தார். சிவப்பணுக்கள் கூட்டமாகக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒன்று ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைத் துரத்துகிறது. பாக்டீரியா ஒதுங்கினால் அதுவும் திரும்புகிறது. வழியில் கிடக்கும் சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது. கடைசியில் எட்டிப் பிடித்து விழுங்கிவிடுகிறது. அரை நிமிடம்கூட ஓடாத இந்தப் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பார்க்காதவர்கள் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான் எழும். அதற்குக் காலும் இல்லை, தசையும் இல்லை. ஒரே ஒரு செல். பிறகு எதைக் கொண்டு ஓடுகிறது?

பாடநூல் இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடும்: சைட்டோஸ்கெலிட்டன். தமிழில் செல் சட்டகம் என்கிறோம். ஆனால் சட்டகம், எலும்புக்கூடு என்ற சொற்கள் மனதில் தவறான படத்தை வரைந்துவிடுகின்றன. முதன்முதலில் படித்தபோது, கூடாரம் சரியாமல் இருக்க உள்ளே நட்ட கம்புகளைப் போலத்தான் நானும் இதை நினைத்துக்கொண்டேன். கம்பு நட்டால் கூடாரம் நிற்கும், சரி. நட்ட கம்பு கூடாரத்தை நடத்திக்கொண்டு போகுமா?

இந்தக் கம்புகள் ஓரிடத்தில் நிலையாக நிற்பவை அல்ல என்பதில்தான் விடை இருக்கிறது. செல் சட்டகத்தின் பெரும்பகுதி சில விநாடிகளில், சில நிமிடங்களில் கழன்று விழுந்து, வேறோர் இடத்தில் மீண்டும் எழும். கட்டும்போது ஒரு விசை பிறக்கிறது, கலையும்போது இன்னொரு விசை பிறக்கிறது. செல் நகர்வதும் அந்த விசைகளால்தான், இரண்டாகப் பிரிவதும் அவற்றால்தான்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். செல் சட்டகத்தில் மூன்று வகை இழைகள் உண்டு. மிக மெல்லியது ஆக்டின் இழை, சுமார் 7 நானோமீட்டர் தடிமன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். மிகத் தடித்தது நுண்குழல், 25 நானோமீட்டர். பெயருக்கேற்ப உள்ளீடற்ற குழல். இவற்றுக்கு நடுவே, சுமார் 10 நானோமீட்டர் தடிமனில், இடைநிலை இழைகள். முடியிலும் நகத்திலும் உள்ள கெராட்டின் இந்த மூன்றாம் வகைதான். இழுத்தாலும் அறாமல் தாங்குவது இடைநிலை இழைகளின் வேலை. எலும்புக்கூடு என்ற பெயர் ஓரளவு பொருந்துவது இவற்றுக்குத்தான். நம் கதை மற்ற இரண்டைப் பற்றியது.

ஆக்டினை 1942இல் ஹங்கேரியின் செகெட் நகரில், ஆல்பர்ட் செயின்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் புருனோ ஸ்ட்ராப் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். அதனால் அது தசைக்கே உரிய புரதம் என்று வெகுநாள் கருதப்பட்டது. ஆனால் தசையே இல்லாத அமீபாவிலும் இருக்கிறது, செடியிலும் இருக்கிறது. கரு உள்ள செல்கள் எல்லாவற்றிலும், அதுவும் மிக ஏராளமாக, இருக்கும் புரதங்களில் இது ஒன்று.

தனி ஆக்டின் மூலக்கூறு ஓர் உருண்டை மணி போன்றது. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு சரங்கள் முறுக்கிக்கொண்டது போன்ற இழையாகின்றன. இழையின் இரு முனைகளும் ஒரே மாதிரி இல்லை என்பது முக்கியம். ஒரு முனையில் மணிகள் விரைவாகச் சேரும், மறுமுனையில் மெதுவாக. அதனால் முன்முனையில் புது மணிகள் சேர்ந்துகொண்டே இருக்க, பின்முனையில் பழைய மணிகள் உதிர்ந்துகொண்டே இருக்கலாம். நீண்ட வரிசையில் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள், பின்னால் ஒவ்வொருவராக விலகிப் போகிறார்கள். நடுவில் நிற்கும் யாரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. ஆனால் வரிசை முன்னே போய்க்கொண்டிருக்கிறது.

இதில் எரிபொருளுக்கு என்ன வேலை? ஒவ்வொரு மணியும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் சுமந்துகொண்டுதான் இழையில் சேர்கிறது. சேர்ந்த சிறிது நேரத்தில் அந்த ஏடிபி சிதைந்துவிடுகிறது. ஏடிபி சிதைவதால் வரும் ஆற்றல்தான் இழையை முன்னே தள்ளுகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சிதைவு ஒரு வயது முத்திரை போலத்தான் பயன்படுகிறது. ஏடிபி அப்படியே இருந்தால் அது புதிய பகுதி, சிதைந்திருந்தால் பழையது. கோஃபிலின் என்ற புரதம் இந்த முத்திரையைப் பார்த்து, பழைய பகுதியில் ஒட்டிக்கொண்டு இழையைத் துண்டாக்குகிறது. விடுபட்ட மணிகள் மீண்டும் ஏடிபி ஏற்றிக்கொண்டு முன்வரிசைக்குப் போகின்றன. முன்னால் கட்டச் சரக்கு வேண்டுமானால் பின்னால் இடித்தாக வேண்டும்.

சரி, வெறுமனே ஒரு மணி வந்து ஒட்டிக்கொண்டால் எப்படித் தள்ளுவிசை பிறக்கும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், சற்று நின்று பார்க்கலாம். செல்லின் அளவில் எதுவும் சும்மா இருப்பதில்லை. வெப்பத்தால் எல்லாமே அதிர்ந்துகொண்டிருக்கும். செல் சவ்வும் அப்படித்தான், முன்னும் பின்னுமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். இழையின் முனையும் வளைந்து நிமிரும். சவ்வுக்கும் இழை முனைக்கும் நடுவே, ஒரு கணம், சிறிய இடைவெளி விழுகிறது. அந்தக் கணத்தில் ஒரு மணி நுழைந்து ஒட்டிக்கொள்கிறது. இனிச் சவ்வு பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. மறுபடி அதிர்வு, மறுபடி இடைவெளி, மறுபடி ஒரு மணி. ஒரு மணி சேர்ந்தால் இழை 2.7 நானோமீட்டர் நீள்கிறது. திசையே இல்லாத அதிர்வை, பின்வாங்க விடாமல் தடுத்துத் தடுத்தே, ஒரு திசை நகர்வாக மாற்றிவிடுகிறது செல். சார்லஸ் பெஸ்கின், காரெட் ஓடெல், ஜார்ஜ் ஆஸ்டர் ஆகிய மூவரும் 1993இல் இதைக் கணித வடிவில் முன்வைத்தார்கள்.

நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டர் ஓடும் செல்லைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்விளிம்பில் உள்ள இழை ஒவ்வொன்றும் விநாடிக்குச் சுமார் 60 மணிகளைச் சேர்த்தாக வேண்டும்.

ஆக்டின் வளர்ச்சி மட்டுமே ஒரு பொருளைத் தள்ளிக்கொண்டு போகும் என்பதற்கு நல்ல சான்று தந்தது ஒரு நோய்க்கிருமி. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா நம் செல்லுக்குள் புகுந்ததும், தன் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைக் கொண்டு நம் ஆக்டினைத் தன் பின்புறத்தில் கட்ட வைக்கிறது. அந்த ஆக்டின் வால் வளர வளர, வால்நட்சத்திரம் போல அது செல்லுக்குள் பாய்ந்து, பக்கத்துச் செல்லுக்கும் போய்விடுகிறது. லூயிஸ் டில்னியும் டேனியல் போர்ட்னாயும் 1989இல் இதை விவரித்தார்கள். பத்து ஆண்டு கழித்து மேரி-ஃபிரான்ஸ் கார்லியேவின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. செல்லையே விட்டுவிட்டு, தூய்மையாகப் பிரித்த சில புரதங்களை மட்டும் கலந்து, அந்தக் கலவையில் பாக்டீரியாவை ஓட வைத்துக் காட்டியது. அந்தக் கலவையில், மயோசின் போல இழையைப் பற்றி இழுக்கும் மோட்டார் புரதம் எதுவும் இல்லை.

ஊர்ந்து செல்லும் செல் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அதன் முன்விளிம்பு விசிறிபோல் விரிந்து, மெல்லிய தகடாகத் தரையோடு ஒட்டி நீண்டிருக்கும். இதற்கு லாமெல்லிபோடியம் என்று பெயர். உள்ளே ஆக்டின் இழைகள் புதர்போல் கிளைத்துக் கிடக்கும். கிளைக்கச் செய்வது ஆர்ப் 2/3 என்ற புரதக் கூட்டு. ஏற்கெனவே உள்ள இழையின் மேல் உட்கார்ந்து, சுமார் 70 பாகைக் கோணத்தில் புதிய இழையைத் தொடங்கி வைக்கும். ஏன் புதர்? நீளமான மெல்லிய குச்சியால் சுவரைத் தள்ளினால் குச்சிதான் வளையும். குட்டையான குச்சிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் தள்ளினால் சுவர் நகரும். அதனால்தான் இழைகள் ஓர் அளவுக்கு மேல் நீளாதபடி அவற்றின் முனைகளில் மூடி போட்டு நிறுத்தும் புரதங்களும் அங்கே இருக்கின்றன.

தள்ளினால் மட்டும் போதாது. வழுக்கும் தரையில் ஓட முயன்றால் கால்தான் பின்னால் போகும். செல்லுக்குள்ளும் அதேதான் நடக்கும். தரைப் பிடிப்பு இல்லாவிட்டால், முன்னே வளரும் ஆக்டின் வலை அப்படியே பின்னோக்கி வழுக்கிப் போய்விடும். பிடிப்பைத் தருபவை இன்டெக்ரின் புரதங்கள். இவை சவ்வை ஊடுருவி நிற்பவை. வெளியே ஒரு கை தரையைப் பிடித்திருக்கும், உள்ளே ஒரு கை, இடைத்தரகர் புரதங்கள் வழியாக, ஆக்டினைப் பிடித்திருக்கும். பின்புறத்தில் மயோசின் வருகிறது. தசையை இழுக்கும் மயோசினின் உறவுதான் இது. எதிரெதிர்த் திசையில் ஓடும் ஆக்டின் இழைகளைப் பற்றி ஒன்றையொன்று நெருங்கும்படி இழுக்கும். பின்பகுதி சுருங்குகிறது, பழைய பிடிகள் விடுபடுகின்றன, உடல் முன்னே வந்து சேர்கிறது. முன்னே நீட்டு, பிடி, பின்னே இழு. ஊரும் செல் இந்த மூன்றையும் ஒன்று முடிந்து ஒன்று என்று செய்வதில்லை, மூன்றும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

முன் எது, பின் எது என்று செல்லுக்கு யார் சொல்வது? 1990களின் தொடக்கத்தில் லண்டனில் ஆலன் ஹாலின் குழு ஒரு குடும்பத்துச் சிறு புரதங்களைச் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தது. ராக் என்பதைச் செலுத்தினால் விளிம்பில் ஆக்டின் அலையலையாக எழுந்தது. ரோ என்பதைச் செலுத்தினால் ஆக்டினும் மயோசினும் கட்டுக்கட்டாகத் திரண்டு இறுகின. ஓடும் செல்லில் ராக் முன்னே ஓங்கியிருக்கும், ரோ பின்னே. நியூட்ரோஃபிலின் கதையும் இப்போது விளங்கும். பாக்டீரியா தன் புரதங்களைத் தொடங்கும் முறை நம்முடையதிலிருந்து சற்று வேறுபட்டது. அதனால் அது சிந்தும் புரதத் துண்டுகளில் ஒரு தனி அடையாளம் இருக்கும். நியூட்ரோஃபில் அந்தத் துண்டுகளை மோப்பம் பிடிக்கிறது. தன் உடலின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் சுமார் 1 சதவீத வேறுபாடு இருந்தால்கூட அதற்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் வாசம் அதிகமோ அந்தப் பக்கம் ஆக்டின் கட்டப்படுகிறது. துரத்தல் என்று நாம் பார்ப்பது இதுதான்.

மீனின் செதில்மேல் தோலில் கெராட்டோசைட் என்ற செல் உண்டு, மிக வேகமாகவும் சீராகவும் ஊர்வது. அதிலிருந்து பிய்ந்து வரும் சிறு துண்டில் கரு இருக்காது, நுண்குழல்களும் இருக்காது. அந்தத் துண்டும் தானாக ஊர்ந்து போகும். டிஎன்ஏவின் கட்டளை எதுவும் வராமலே, ஆக்டினும் மயோசினும் சவ்வும் சேர்ந்து அதை ஓட்டிவிடுகின்றன.

இனி நுண்குழல். டியூபுலின் என்ற புரதத்தின் இரட்டை அலகுகள் 8 நானோமீட்டர் நீளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வரிகளாகின்றன. பெரும்பாலும் 13 வரிகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஒரு குழலாகின்றன. இவ்வளவு தடித்த குழல்களை அறிவியலாளர்கள் வெகுகாலம் சரியாகப் பார்க்கவே இல்லை. குளிரில் நுண்குழல்கள் கரைந்துவிடும். செல்லை நுண்ணோக்கிக்குத் தயார்ப்படுத்திய பழைய முறைகளும் அவற்றைக் காப்பாற்றவில்லை. 1963இல் குளுடரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் வேதிப்பொருள் வந்த பிறகு, எங்கே பார்த்தாலும் நுண்குழல்.

நுண்குழலின் சுபாவம் விசித்திரமானது. ஒரு குழல் சீராக வளர்ந்துகொண்டே போகும். திடீரென்று, முன்னறிவிப்பே இல்லாமல், முனை சிதறி, வளர்ந்ததைவிட வேகமாகச் சுருங்கும். சில நேரம் பாதியில் மனம் மாறியதுபோல் மீண்டும் வளரத் தொடங்கும். பக்கத்துக் குழல் அப்போது அமைதியாக வளர்ந்துகொண்டிருக்கும். டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் 1984இல் இதைக் கண்டறிந்து, இயங்கு நிலையின்மை என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். இங்கேயும் காரணம் ஒரு வயது முத்திரைதான். ஏடிபிக்குப் பதில் அதன் உறவான ஜிடிபி. புதிதாகச் சேர்ந்த அலகுகளில் ஜிடிபி சிதையாமல் இருக்கும், அவை நேராக நிற்கும். சிதைந்த அலகுகள் வெளிப்பக்கமாக வளையப் பார்க்கும், ஆனால் குழலுக்குள் சிக்கியிருப்பதால் வளைய முடியாது. முனையில் புதிய அலகுகள் தொப்பிபோல் மூடியிருக்கும்வரை குழல் நிற்கும். தொப்பி கழன்றால், அடக்கி வைத்திருந்த வளைவெல்லாம் விடுபட்டு, வாழைப்பழத் தோல் உரிவதுபோல் வரிகள் வெளியே சுருண்டு குழல் சரிகிறது. இந்தச் சுருளலை மறந்துவிடாதீர்கள், பிரிவின்போது தேவைப்படும்.

நுண்குழல்கள் பாதைகளும்கூட. 1985இல் ரான் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாயின் பெரிய நரம்பிழையிலிருந்து கைனசின் என்ற மோட்டார் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு கால் உள்ளதுபோல அது குழல்மேல் நடக்கும். ஓர் அடிக்கு 8 நானோமீட்டர், ஓர் அடிக்கு ஓர் ஏடிபி. டைனின் என்ற இன்னொரு மோட்டார் எதிர்த்திசையில் நடக்கும். சரக்குப் போக்குவரத்து தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே விட்டுவிடுகிறேன்.

ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு செல் பிரியத் தயாராகும்போது முதலில் செய்வது, ஊர்வதை நிறுத்துவது. தரைப் பிடிகளில் பெரும்பாலானவற்றை விடுவித்து, விசிறியை மடக்கி, உருண்டையாகத் திரள்கிறது. நீண்ட நுண்குழல்கள் கலைகின்றன. கருவின் உறைக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும் லேமின் என்ற இடைநிலை இழைகளும் கலைய, மனிதச் செல்லில் கருவுறை சிதறுகிறது. பழைய சட்டகத்தை இடித்து அதே சரக்கில் வேறொரு கட்டடம் எழுகிறது. அதுதான் கதிர்கோல். நூல் நூற்கும் கதிர் போல நடுவில் பருத்து இரு முனையும் கூர்ந்திருப்பதால் அந்தப் பெயர்.

செல் பிரிவின் படிநிலைகளை 1882இல் வால்தர் ஃபிளெமிங் அழகாக வரைந்து காட்டியிருந்தார். ஆனால் கதிர்கோலின் இழைகள் உண்மையானவையா என்பதில் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. செல்லைக் கொன்று சாயமேற்றும்போது தோன்றும் போலித் தடங்கள் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். சாயம் எதுவும் போடாமல் உயிருள்ள செல்லில் இழைகளைக் காட்டி அந்தச் சண்டையை முடித்து வைத்தவர் ஷின்யா இனோயே. தானே மேம்படுத்திய முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியால் 1953இல் அதைச் செய்தார். செல்லைக் குளிரவைத்தால் கதிர்கோல் மறைவதையும், வெதுவெதுப்பானதும் திரும்ப எழுவதையும் அவர் பார்த்தார். அலகுகள் சேர்ந்தும் பிரிந்தும்தான் இழைகள் உருவாகின்றன, அதுவே குரோமோசோம்களை நகர்த்துகிறது என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. டியூபுலின் என்ற புரதமே இன்னும் அடையாளம் காணப்படாத காலம் அது.

கதிர்கோலுக்குக் கொடுக்கப்பட்ட வேலை எளிதல்ல. மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள். ஒவ்வொன்றும் நகலெடுக்கப்பட்டு, ஒட்டிய இரட்டையாக இருக்கிறது. ஒவ்வோர் இரட்டையிலும் ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் போக வேண்டும். ஒன்று தவறினாலும் இரு சேய்ச் செல்களின் கணக்கும் கெட்டுவிடும். குரோமோசோம்கள் எங்கே கிடக்கின்றன என்று நுண்குழல்களுக்குத் தெரியாது. இங்கேதான் அந்த விசித்திர சுபாவம் கைகொடுக்கிறது. கதிர்கோலின் இரு முனைகளான துருவங்களிலிருந்தும் குழல்கள் எல்லாத் திசையிலும் நீள்கின்றன. எதுவும் கிடைக்காத குழல் சரிந்து சுருங்கி, வேறு திசையில் மீண்டும் நீள்கிறது. குரோமோசோமின் இடுப்பில் உள்ள கைனிட்டோகோர் என்ற பிடிமானத்தில் முட்டிய குழல் மட்டும் நிலைக்கிறது. இருட்டில் கையால் துழாவித் தேடுவது போலத்தான். பிரிவு நேரத்தில் குழல்களின் ஆயுள் நிமிடக் கணக்கிலிருந்து விநாடிக் கணக்குக்கு இறங்கிவிடுவதும் இதனால்தான். எவ்வளவு விரைவாகக் கலைந்து எழுகிறதோ அவ்வளவு இடங்களைத் துழாவலாம்.

துழாவிப் பிடித்தால் தவறும் நடக்கும். இரட்டையின் இரண்டு பக்கங்களும் ஒரே துருவத்தோடு இணைந்துவிடலாம். செல் அதை எப்படித் தெரிந்துகொள்கிறது? இழுவிசையால். சரியாக இணைந்த இரட்டை இரு பக்கமும் இழுக்கப்பட்டு விறைப்பாக இருக்கும். தவறாக இணைந்தது தொய்வாக இருக்கும். தொய்ந்த இணைப்பை அரோரா பி என்ற நொதி அவிழ்த்துவிட, தேடல் மறுபடி தொடங்குகிறது. புரூஸ் நிக்லஸ் 1969இல் வெளியிட்ட சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். வெட்டுக்கிளியின் விந்தணு உண்டாகும் செல்லில், தவறாக இணைந்த குரோமோசோம் சோடி ஒன்றை நுண்ணிய கண்ணாடி ஊசியால் மெல்ல இழுத்துப் பிடித்தார். விறைப்பு வந்ததும், வழக்கமாக அவிழ்ந்துவிடும் அந்தத் தவறான இணைப்பு அவிழாமல் நின்றுவிட்டது. இணைப்பு சரியா தவறா என்பது செல்லுக்குத் தெரியாது. இழுபடுகிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

கடைசிக் கைனிட்டோகோரும் இணையும்வரை செல் காத்திருக்கும். அப்புறம் இரட்டைகளை ஒட்டி வைத்திருந்த கொஹெசின் என்ற புரத வளையம் வெட்டப்படுகிறது. குரோமோசோம்கள் இரு பக்கமும் நகர்கின்றன, நிமிடத்துக்குச் சுமார் 1 மைக்ரோமீட்டர். இழுப்பது எது? முன்பு சொன்ன சுருளல்தான். குழல் முனையிலிருந்து கலையும்போது வரிகள் வெளியே சுருள்கின்றன. குழலைச் சுற்றியோ ஓரமாகவோ பிடித்திருக்கும் கைனிட்டோகோர் புரதங்களை அந்தச் சுருள்கள் பின்னோக்கித் தள்ளுகின்றன. குழல் குறையக் குறைய, முனையை விடாமல் பற்றிக்கொண்டு குரோமோசோம் துருவத்தை நோக்கிப் போகிறது. ஆக்டின் கட்டிக்கொண்டே சவ்வைத் தள்ளியது. நுண்குழல் கலைந்துகொண்டே குரோமோசோமை இழுக்கிறது.

கட்டுவது போலவே கலைவதும் இன்றியமையாதது என்பதை இரண்டு நஞ்சுகள் நன்றாகக் காட்டுகின்றன. செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், டியூபுலினோடு ஒட்டி, குழல் எழவிடாமல் தடுக்கிறது. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து பிரிக்கப்பட்ட டாக்சால் நேர் எதிர். எழுந்த குழலைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. இதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். ஒன்று கட்டவிடாது, மற்றொன்று கலையவிடாது. இரண்டிலும் செல் பிரிவின் நடுவே முடங்கி நிற்கிறது. 1956இல் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் மனிதக் குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்று சரியாக எண்ணியபோது, கோல்ச்சிசினால் இப்படி முடக்கிய செல்களைத்தான் பயன்படுத்தினார்கள். டாக்சால் புற்றுநோய் மருந்தானது. அதை எடுத்துக்கொள்பவர்கள் பலருக்குக் கையும் காலும் மரத்துப்போகும். நரம்புச் செல்கள் பிரிவதில்லைதான், ஆனால் அவற்றின் நீண்ட இழைகளுக்குள்ளும் நுண்குழல்கள் வேலை செய்தாக வேண்டுமே.

குரோமோசோம்கள் பிரிந்தால் வேலை பாதிதான் முடிந்தது. இனி உடலே இரண்டாக வேண்டும். இப்போது மீண்டும் ஆக்டின், மயோசின். செல்லின் நடுவயிற்றில், சவ்வுக்கு அடியில், இவை ஒரு வளையமாகத் திரண்டு, சுருக்குப் பையின் வாயை இழுப்பதுபோல் இறுக்குகின்றன. ஜப்பானில் இஸ்ஸெய் மபுச்சியும் மகோட்டோ ஒகுனோவும் 1977இல், மயோசினை முடக்கும் எதிர்ப்புரதங்களை நட்சத்திர மீனின் முளைக்கருச் செல்லுக்குள் செலுத்தினார்கள். கரு பிரிந்தது, உடல் பிரியவில்லை.

வளையம் எங்கே எழ வேண்டும் என்று யார் முடிவு செய்வது? 1961இல் ரேமண்ட் ராப்பபோர்ட் செய்த சோதனை, கருவியே இல்லாமல் புத்தியால் மட்டும் செய்தது என்று சொல்லலாம். மணல் டாலர் என்பது கடல் அர்ச்சினின் தட்டையான உறவு. அதன் கருவுற்ற முட்டையை எடுத்து, சிறு கண்ணாடி உருண்டையால் நடுவில் அழுத்தி, ஓட்டையுள்ள வளையமாக்கினார். முதல் பிரிவில் வளையம் ஓரிடத்தில் மட்டும் வெட்டுப்பட்டு, இரண்டு கருக்கள் உள்ள குதிரை லாட வடிவச் செல் கிடைத்தது. அடுத்த பிரிவில் லாடத்தின் இரு கைகளிலும் ஒவ்வொரு கதிர்கோல். இரண்டு வெட்டுகள் வர வேண்டும். மூன்று வந்தன. லாடத்தின் வளைவில், கதிர்கோலே இல்லாத இடத்தில், குரோமோசோமே இல்லாத இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரு துருவங்களின் நுண்குழல் கதிர்கள் சந்தித்த இடத்தில், மூன்றாவது வெட்டு விழுந்தது. இடத்தைச் சொல்வது நுண்குழல்கள், வெட்டுவது ஆக்டினும் மயோசினும். நடுவே செய்தி கொண்டுபோவது, ஊரும் செல்லின் பின்புறத்தை இறுக்கிய அதே ரோ என்பது பிறகு தெரிய வந்தது.

செடிகளில் இந்த வளையம் கிடையாது, கெட்டியான சுவரை இறுக்க முடியாது. அங்கே நுண்குழல்களின் வழியே சரக்குப் பைகள் வந்து சேர்ந்து, நடுவிலிருந்து வெளியே புதுச் சுவர் எழுகிறது.

டிக்டியோஸ்டீலியம் என்ற மண்வாழ் அமீபாவில் 1987இல் மயோசின் மரபணுவைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். திரவத்தில் மிதக்கவிட்டால் அந்தச் செல்களால் பிரிய முடியவில்லை. கரு மட்டும் மேலும் மேலும் பிரிந்து, பல கருக்களோடு பூதாகரமாக வீங்கின. ஆனால் ஒரு தரையில் விட்டால் அவை தொடர்ந்து பெருகின. வளையத்தை இறுக்க மயோசின் இல்லாத செல், இரண்டு பக்கமும் ஆக்டின் விசிறியை விரித்து, தரையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதி ஒரு பக்கமும் மறுபாதி எதிர்ப்பக்கமுமாக ஊர்ந்தது. நடுவில் உடல் மெலிந்து நூலாகி அறுந்தது.